எத்தனை பேருக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தார்?

கேள்வி: எம்.எட். முடித்துவிட்டு பி.எச்டி.க்கு வழிகாட்டி தேடுகிறேன். "நிறையப் பேருக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தவராகப் பார்த்துச் சேர்ந்துகொள்" என்கிறார்கள். அது சரியான அளவுகோலா, ஐயா?
- கல்வியியல் மாணவி, தஞ்சாவூர்

பதில்: இல்லை அம்மா. ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 பேருக்கு மேல் வழிகாட்டக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவே வரம்பு கட்டியிருக்கிறது. மாணவருக்கு உட்கார்ந்து நேரம் கொடுக்க வேண்டிய வேலை இது.

உங்கள் துறையிலேயே ஒருவரைச் சொல்கிறேன். எலினோர் டக்வொர்த். குழந்தைகள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்று ஆராய்ந்த உளவியலாளர் ழான் பியாஜேயிடம் ஜெனீவாவில் படித்தவர், அமெரிக்காவின் ஹார்வர்டு கல்வியியல் பள்ளியில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்தவர். முதுநிலை மாணவர்களுக்கு, அதில் பலர் ஏற்கெனவே ஆசிரியர்கள், அவர் கொடுத்த வேலை நிலாவைப் பார்ப்பது! ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம். எந்த நாள், எத்தனை மணி, எந்தத் திசை, என்ன வடிவம் என்று பருவம் முழுக்க எழுதி வர வேண்டும். பட்டப்பகலில் நிலா தெரியும் என்பதே சிலருக்குப் புதுச் செய்தியாக இருந்தது. அது தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தாமதித்து உதிக்கிறது என்பதை அவர்களே பார்த்துப் பார்த்துப் பிடித்தாக வேண்டும். வகுப்பில் ஒருவர் ஒன்று சொல்வார், இன்னொருவர் மறுப்பார். டக்வொர்த் விடை சொல்ல மாட்டார். ஏன் அப்படி நினைக்கிறாய், நீ பார்த்ததில் எது அப்படிக் காட்டுகிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஒரு விஷயம் தனக்குள் எப்படிப் புரிய வருகிறது என்பதைக் கவனித்தவர்தான், அப்புறம் ஒரு குழந்தையின் எதிரே உட்கார்ந்து அது யோசிப்பதைப் பொறுமையாகக் கேட்க முடியும். அதற்குத்தான் இத்தனை பாடும்.

2001-இல் அவர் பெயரில் ஒரு புத்தகம் வந்தது. அட்டையிலேயே அவரோடு சேர்த்து, அவரிடம் படித்த அனுபவமுள்ள ஆசிரியர்கள் குழுவின் பெயரும் இருக்கிறது. உள்ளே இருப்பவை அந்த ஆசிரியர்கள் தங்கள் மாணவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவை. மாணவரின் உழைப்பில் தன் பெயரை முதலில் போட்டுக்கொள்ளும் வழிகாட்டிகளைப் பற்றி எனக்கு மாதாமாதம் கடிதம் வருகிறது. அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? பதிவு செய்வதற்கு முன்னால், அந்தப் பேராசிரியரிடம் இப்போது ஆய்வு செய்கிற இரண்டு பேரைத் தனியாகச் சந்தியுங்கள். கடைசியாகக் கொடுத்த அத்தியாயம் எத்தனை நாளில் திரும்பி வந்தது, ஓரத்தில் என்ன எழுதியிருந்தார், அவர் கருத்துக்கு மாறாக நீங்கள் ஒன்றைச் சொன்னபோது என்ன நடந்தது என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு அவர்கள் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.