ஆறு வயதுப் பிள்ளைக்கு மாதக்கணக்கில் மூக்கு ஒழுகுகிறது; இது சளியா, ஒவ்வாமையா? மூக்கு ஸ்பிரே கொடுக்கலாமா?

காலையில் அடுக்குத் தும்மல், தண்ணீராக ஒழுகும் மூக்கு, காய்ச்சல் இல்லை, சளி மருந்து மூன்று பாட்டில் தீர்ந்தும் பயனில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்து வயதில் என் மகளும் இப்படித்தான் இருந்தாள். நான் மருத்துவன் அல்லன், காரைக்குடியில் கடை வைத்திருப்பவன். ஆகவே மருந்துச் சீட்டு எழுத வரவில்லை. நாங்கள் ஓராண்டை வீணாக்கிய கதையை மட்டும் சொல்கிறேன்.

சாதாரணச் சளி ஏழு, பத்து நாளில் அடங்கிவிடும். என் மகளுக்கோ அடங்கவே இல்லை. அரிப்புத் தாங்காமல் உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து, மூக்கின் குறுக்கே ஒரு கோடே விழுந்திருந்தது; கண்ணுக்குக் கீழே கருமை படர்ந்திருந்தது. அவளுடைய அப்பத்தா தலைக்கு ஊற்றியதையும் தயிர்ச்சோற்றையும் மாறிமாறிக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார். மருத்துவர் அந்தக் கோட்டைப் பார்த்ததுமே ஒவ்வாமை என்றார்.

எதனால் என்பது, முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்காக ஊர் வீட்டைத் திறந்தபோதுதான் பிடிபட்டது. பூட்டிக் கிடந்த அறைகளைத் தூசி தட்டிய அன்று அவள் தும்மித் தும்மிச் சோர்ந்துபோனாள் என்றாலும், அடுத்த மூன்று இரவுகள் பட்டாலைத் திண்ணையில் கோரைப்பாயில் படுத்து எழுந்தபோது காலைத் தும்மல் பாதியாகக் குறைந்திருந்தது. காரைக்குடியில் அவள் படுப்பது அப்பத்தாவின் சீரில் வந்த இலவம்பஞ்சு மெத்தையில். தோலில் ஊசி நுனியால் கீறிப் பார்க்கும் சோதனையில் இருபது நிமிடத்தில் விடை வந்தது: தூசிப்பூச்சி. நம் உடலிலிருந்து உதிரும் தோல் துகளைத் தின்று, மெத்தையிலும் தலையணையிலும் கண்ணுக்குத் தெரியாமல் வாழும் அந்தப் பூச்சியின் கழிவுதான் பெரும்பாலும் ஒவ்வாமையைத் தூண்டுகிறதாம். பழைய வீடுகளைப் பழிக்கிறேன் என்று யாரும் வரிந்துகட்டிக்கொண்டு வரவேண்டாம். புது அடுக்ககத்து மெத்தையிலும் அது இருக்கும்.

சீர் மெத்தையை அகற்றுவது எளிதாக நடக்கவில்லை, அந்தக் கதையை விரித்துச் சொல்லவில்லை. இறுதியில் மெத்தை ஊர் வீட்டுக்குப் போயிற்று, அப்பத்தாவும் பேத்தியோடு பாயில் படுத்தார். போர்வை, தலையணை உறைகளை வாரந்தோறும் நல்ல சுடுநீரில், அறுபது டிகிரி அளவுக்கு, துவைக்கிறோம். சாம்பிராணியையும் கொசுவர்த்தியையும் அவள் அறையில் நிறுத்திவிட்டோம்.

இவற்றால் மட்டும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். ஸ்பிரேயும் தேவைப்பட்டது. ‘ஸ்டீராய்டு’ என்ற சொல்லைக் கேட்டதும் ஓர் உறவினர் பிள்ளை வளராது என்றார். அதை நம்பி ஆறு மாதம் தள்ளிப்போட்டேன். அந்த ஆறு மாதமும் மருந்துக்கடைக்காரர் கேட்காமலே எடுத்துக் கொடுத்த சிரப்பால் அவள் வகுப்பில் தூங்கி வழிந்தாள். அவரே கொடுத்த, அடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்தை நான்கைந்து நாளுக்கு மேல் போட்டதில் அடைப்பு முன்னிலும் மோசமாகத் திரும்பியது. அந்தச் சொட்டு மருந்து வேறு, ஸ்டீராய்டு ஸ்பிரே வேறு என்பதைக்கூட எனக்கு யாரும் சொல்லவில்லை. மொமெட்டாசோன் போன்ற ஸ்டீராய்டு ஸ்பிரேக்களை இரண்டு வயது முதலே மருத்துவர்கள் தருகிறார்கள். அதில் இரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. வளர்ச்சி வேகம் சற்றே குறைய வாய்ப்பு உண்டு என்பதால், தொடர்ந்து அடிக்கும் பிள்ளைகளின் உயரத்தை அவ்வப்போது அளக்கிறார்கள்; மகளுக்கு இதுவரை குறை எதுவும் இல்லை.

அதிலும் ஒரு தவறு செய்தேன். மூன்றே நாளில் பயனில்லை என்று நிறுத்திவிட்டேன். முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம், நாள் தவறாமல் அடிக்கவும் வேண்டும். அடிக்கும்போது முனை மூக்கின் நடுச்சுவரைப் பார்க்காமல் அந்தந்தப் பக்கக் காதை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். நடுச்சுவரில் பட்டு இரண்டு முறை இரத்தம் வந்த பிறகே இதைக் கற்றுக்கொண்டேன்.

உங்கள் மகனுக்கு இரவு இருமலோ மூச்சில் விசில் சத்தமோ இருந்தால் அதையும் மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள், ஏனெனில் மூக்கு ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் பல பிள்ளைகளிடம் சேர்ந்தே வருகின்றன. போவதற்கு முன் அவன் எதில் படுக்கிறான் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். எங்களிடம் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி அதுதான், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.