ஊசிமுனை வெப்பமும் கல்லீரல் கட்டியும்

கேள்வி: ஹெபடைடிஸ் பி தொற்றால் கல்லீரல் சுருங்கியுள்ள என் தந்தைக்கு (வயது 62), 2.5 செ.மீ. புற்றுக்கட்டி ஒன்று இருப்பது தெரியவந்துள்ளது. வயிற்றைத் திறக்காமல், ஊசி வழியாகவே கட்டியைச் சுட்டு அழிக்கலாம் என்கிறார்கள். நம்பலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: நம்பலாம், அம்மா. 3 செ.மீ.க்கு உட்பட்ட கட்டிகளில்தான் இச்சிகிச்சை மிகச் சிறப்பாகப் பலனளிக்கிறது. சுருங்கிய கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தால் எஞ்சியது உடலைத் தாங்குமா என்ற அச்சம் இருப்பதால், உங்கள் தந்தையைப் போன்றவர்களுக்கு இது பெரிதும் ஏற்றது.

அல்ட்ராசவுண்ட் அல்லது சி.டி. படத்தைப் பார்த்தபடியே, மருத்துவர் மெல்லிய ஊசியைத் தோல் வழியே, பெரும்பாலும் இரு விலா எலும்புகளின் இடுக்கில், கட்டிக்குள் செலுத்துவார். ரேடியோ அதிர்வெண் மின்னோட்டம் பாயும்போது ஊசிமுனையைச் சுற்றியுள்ள திசுவின் அயனிகள் வேகமாக அதிர்ந்து, அந்த உராய்விலேயே வெப்பம் பிறக்கிறது. 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் செல்கள் உடனே மடியும். 100 டிகிரியைத் தாண்டித் திசு கருகிவிட்டாலோ மின்னோட்டம் மேற்கொண்டு பரவாது. கட்டியைச் சுற்றி 5 முதல் 10 மி.மீ. வரை நல்ல திசுவையும் சேர்த்தே சுடுவார்கள்.

பெரிய இரத்தக்குழாய் அருகில் இருந்தால், ஓடும் இரத்தம் வெப்பத்தைக் கவர்ந்து சென்றுவிடுவதால் கட்டியின் ஓரம் தப்பிவிடக்கூடும். அத்தகைய இடங்களில், மின்னோட்டத்துக்குப் பதில் மைக்ரோவேவ் அலைகளால் கட்டியைச் சுடும் முறை கைகொடுக்கும்; கட்டி எங்கே இருக்கிறது என்று மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள்.

சுட்ட கட்டி அழிந்தாலும் கல்லீரலின் வேறு பகுதியில் புதிது தோன்றலாம். ஆகவே ஏறக்குறைய ஒரு மாதத்தில் முதல் ஸ்கேனும், பின்னர் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடர் ஸ்கேன்களும் எடுக்க வேண்டும். ஹெபடைடிஸ் மாத்திரையை நீங்களாக ஒருநாளும் நிறுத்திவிடாதீர்கள்.