ஸ்டார் வார்ஸ் பண்டிகைச் சிறப்பு நிகழ்ச்சி: பெங்களூரு நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

1978 நவம்பர் 17, வெள்ளிக்கிழமை இரவு. ஸ்டார் வார்ஸ் என்ற விண்வெளிப் படத்தை ஒட்டி, அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி ஸ்டார் வார்ஸ் ஹாலிடே ஸ்பெஷல் என்ற நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. விளம்பரங்களோடு இரண்டு மணி நேரம். அங்கே அதற்குப் பிறகு அது மறுஒளிபரப்பு ஆகவே இல்லை. பழைய வீடியோ கேசட்டுகளைச் சேர்ப்பதும் மீட்பதும் எனக்குப் பிடித்த வேலை என்பதால், இந்த நிகழ்ச்சியைப் பற்றி நம் வட்டத்து நண்பர்கள் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வந்த கேள்விகளுக்கு இங்கே மொத்தமாகப் பதில் எழுதிவிடுகிறேன்.

அக்கா, இதில் கதை என்று ஏதாவது இருக்கிறதா? பத்து நிமிடம் பார்த்தேன், ஒரே உறுமலாக இருந்தது. (கோரமங்களாவிலிருந்து ஒரு தம்பி)

இருக்கிறது, அதுவும் நமக்கு நன்றாகத் தெரிந்த கதை. படத்தின் நாயகர்களில் ஒருவனான ஹான் சோலோவின் கூட்டாளியாக வரும், உடம்பெல்லாம் முடி கொண்ட வூக்கி இனத்துச் சூபாக்காவுக்கு ஊர் கஷீக் என்ற கிரகம். அங்கே ‘லைஃப் டே’ பண்டிகை. வீட்டில் மனைவி மல்லா, மகன் லம்பி, வயதான அப்பா இட்சி மூவரும் அவனுக்காகக் காத்திருக்கிறார்கள். அவனும் ஹானும் வருகிற வழியில் படத்தின் வில்லன்களான பேரரசின் கப்பல்கள் மறிக்கின்றன. வீட்டுக்குள்ளோ சிப்பாய்கள் சோதனை என்று புகுந்து எல்லாவற்றையும் புரட்டிப் போடுகிறார்கள். கடைசியில் சூபாக்கா வீடு வந்து சேர்கிறான்.

தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் சில்க் போர்டு சந்திப்பில் ஊருக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பஸ் நகராது, வீட்டிலிருந்து “எங்கே வர்றே?” என்று ஃபோன் மட்டும் வந்துகொண்டே இருக்கும். மல்லா அந்த வீட்டில் திரையை முடுக்கி “என் கணவர் எங்கே?” என்று படத்தின் இன்னொரு நாயகன் லூக்கிடம் கேட்கிற இடம் அச்சு அசல் அதுதான்.

நீங்கள் கேட்ட உறுமல், தொடக்கத்தில் வூக்கிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வது. வசன எழுத்தும் கிடையாது, மொழிபெயர்ப்பவரும் கிடையாது. நிமிடக்கணக்கில் அப்படியே ஓடும். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். ஆனால் பாதி நேரத்தில் முடித்திருக்க வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

படமோ அவ்வளவு பெரிய வெற்றி. அதே நடிகர்கள், அதே பெயர். எப்படி இவ்வளவு மோசமாகப் போனது? (வைட்ஃபீல்டிலிருந்து ஒருவர்)

இது கொஞ்சம் நீளமான பதில். ஸ்டார் வார்ஸ் 1977 மே மாதம் வெளிவந்தது. அடுத்த படம் 1980 மே மாதம்தான். நடுவில் மூன்று வருட இடைவெளி, அதற்குள் மக்கள் மறந்துவிடக் கூடாது என்ற கவலை. அந்தக் காலத்து அமெரிக்கத் தொலைக்காட்சியில் பண்டிகை என்றால் ‘வெரைட்டி ஷோ’தான்: ஒரு பாட்டு, ஒரு நகைச்சுவைத் துணுக்கு, ஒரு விருந்தினர், மறுபடி ஒரு பாட்டு. தொலைக்காட்சிக்காரர்கள் கையில் இருந்த அச்சு அது ஒன்றுதான். விண்வெளிக் கதையை அதற்குள் ஊற்றிவிட்டார்கள்.

வூக்கி குடும்பத்தைச் சுற்றிக் கதை நடக்கட்டும் என்ற யோசனை படத்தை உருவாக்கிய ஜார்ஜ் லூகாஸுடையது. அதன் பிறகு அவர் அடுத்த படத்தின் வேலையில் மூழ்கிவிட்டார். தயாரிப்பு, பாட்டும் நகைச்சுவையும் எழுதிப் பழகியவர்கள் கைக்குப் போனது. முதலில் இயக்கிய டேவிட் அகோம்பா சில காட்சிகளை எடுத்துவிட்டு விலகினார். பாதியில் வந்து பொறுப்பேற்றவர் ஸ்டீவ் பைண்டர். எல்விஸ் பிரெஸ்லியின் 1968 தொலைக்காட்சி நிகழ்ச்சியை இயக்கி, அவரை மறுபடி உச்சத்துக்குக் கொண்டுவந்தவர் இவர்தான். திறமைக்குக் குறைவே இல்லை. ஆனால் கதை, அரங்கு, உடை எல்லாம் ஏற்கெனவே முடிவாகியிருந்தன. கையில் கொடுத்ததை எடுத்து முடிப்பதுதான் அவர் வேலையாக இருந்தது.

அதனால்தான் கதை அடிக்கடி நின்று நின்று போகிறது. மல்லா சமையல் நிகழ்ச்சி பார்க்கிறாள். நகைச்சுவை நடிகர் ஹார்வி கார்மன் நான்கு கையோடு வந்து சமைக்கிறார். ஒரு வியாபாரி பரிசாகக் கொண்டுவந்த பெட்டியில் ஜெஃபர்சன் ஸ்டார்ஷிப் என்ற ராக் இசைக்குழு பாடுகிறது. அதை ஒரு பேரரசு அதிகாரி உட்கார்ந்து ரசிக்கிறார். படத்தின் வில்லன் டார்த் வேடர் வருகிற காட்சிகூடப் புதிதாக எடுத்ததில்லை. பழைய படத்துக்காக எடுத்த காட்சித் துண்டின் மேல் புதுக் குரல் சேர்த்தார்கள். அந்தக் குரலுக்கு உரிய ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸின் பெயர் முதல் படத்தில் போடப்படவில்லை. இங்கேதான் முதன்முறையாகத் திரையில் வந்தது. இப்படிப்பட்ட விவரங்களுக்காகவே இந்த நிகழ்ச்சியைத் தூக்கி எறிய எனக்கு மனம் வராது.

குழந்தைகளோடு பார்க்கலாமா மேடம்? (ராஜாஜிநகர்)

பெரும்பாலும் பார்க்கலாம். தாத்தா இட்சி தலையில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு, பாடகி டயான் கரோல் தனக்காகவே கொஞ்சிப் பாடுவதைப் பார்க்கிற காட்சியை மட்டும் தாண்டிவிடுங்கள். வீட்டோடு உட்கார்ந்து பார்க்கிற நிகழ்ச்சியில் அதை யார் சேர்த்தார்களோ, எனக்கு இன்றுவரை கோபம்தான்.

ஏம்மா, 1978-இல் நாங்கள் நியூ ஜெர்சியில் இருந்தோம். என் பையன் அப்போது சின்னவன். அந்த ராத்திரி அவன் டிவி முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. இன்றைக்கு அவனே “நல்லாவே இல்லையே” என்கிறான். ஆனால் வருஷா வருஷம் அதைப் பற்றிப் பேசுகிறான். ஏன் அப்படி? (ஜெயநகரிலிருந்து ஒரு பெரியவர்)

ஐயா, உங்கள் பையன் சொல்வது இரண்டுமே உண்மை. அந்த வருடத்தில் ஒரு சினிமா பிடித்துப்போனால் மறுபடி பார்க்கத் தியேட்டருக்குத்தான் போக வேண்டும். வீடியோ ரெக்கார்டர் வந்திருந்தது. பீட்டாமேக்ஸ் என்ற வகை 1975-இல், விஎச்எஸ் என்ற வகை அமெரிக்காவில் 1977-இல். ஆனால் விலை அதிகம், பெரும்பாலான வீடுகளில் கிடையாது. தான் உயிராக நினைத்த அந்த ஆட்கள் ஒரு நாள் ராத்திரி தன் வீட்டுக் கூடத்துக்கே வருகிறார்கள் என்றால் ஒரு பிள்ளைக்கு அது எப்படி இருந்திருக்கும்! தொடக்கத்தில் நிமிடக்கணக்கில் வெறும் உறுமல்தான் என்பதெல்லாம் அப்போது அவனுக்குப் பொருட்டே இல்லை.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் பேசியிருப்பான். அப்புறம் நிகழ்ச்சி காணாமலே போனது. லூகாஸ் அதை வீடியோவாக விற்க விடவே இல்லை. பார்த்தவர்கள் சொன்னால் பார்க்காதவர்கள் நம்பாத நிலை. “படத்தின் நாயகி இளவரசி லேயா பாட்டுப் பாடினாள், நான் பார்த்தேன்” என்று ஒருவர் சொல்ல, “நீ கனவு கண்டிருப்பாய்” என்று இன்னொருவர் சொல்ல, இப்படியே வருடங்கள் ஓடின. லேயா நிஜமாகவே பாடினாள், ஐயா. கடைசிக் காட்சியில், சிவப்பு அங்கி போட்ட வூக்கிகளுக்கு நடுவே, ஸ்டார் வார்ஸ் இசையின் மெட்டிலேயே பண்டிகைப் பாட்டு. பாடியது லேயாவாக நடித்த கேரி ஃபிஷரே.

சரிபார்க்க வழி இல்லாத நினைவு மனதில் வளர்ந்துகொண்டே போகும். உங்கள் பையன் பேசுவது அந்த ராத்திரியைப் பற்றி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த உங்களைப் பற்றியும்தான். அடுத்த முறை அவர் பேச்சை எடுக்கும்போது அன்றைக்கு வீட்டில் என்ன சமையல் என்று கேட்டுப் பாருங்கள்.

நிலையம் மறுபடி போடவில்லை, லூகாஸும் வெளியிடவில்லை. அப்படியானால் நாம் பார்ப்பது என்ன? (மல்லேஸ்வரம்)

அன்றிரவு வீட்டில் ரெக்கார்டர் வைத்திருந்த சிலர் பதிவு செய்தார்கள். அதிலிருந்து நகல், நகலிலிருந்து நகல். விஎச்எஸ் கேசட்டில் ஒவ்வொரு நகலுக்கும் படம் மங்கும், வண்ணம் வழியும், ஒலியில் இரைச்சல் ஏறும். எத்தனை கை மாறி வந்த பிரதி என்பதைப் பார்த்தவுடனே ஓரளவு சொல்லிவிடலாம். நல்ல பிரதிகளில் அன்றைய விளம்பரங்களும் இருக்கின்றன. பெண்கள் உடைத் தொழிலாளர் சங்கத்தினர் சேர்ந்து பாடுகிற விளம்பரம் ஒன்று வரும். அதை வெட்டிவிடாதீர்கள். அந்த ராத்திரியில் அதுவும் ஒரு பகுதி.

சித்தப்பா அமெரிக்காவிலிருந்து 80களில் அனுப்பிய கேசட் ஒன்று பரணில் கிடைத்தது. மேலே இந்த நிகழ்ச்சியின் பெயர் எழுதியிருக்கிறது. நம் பழைய விசிஆரில் போட்டால் படம் உருண்டுகொண்டே இருக்கிறது, கலரும் இல்லை. கேசட் போய்விட்டதா அக்கா? (இந்திராநகர்)

போகவில்லை, பதறாதீர்கள். அமெரிக்கக் கேசட் என்டிஎஸ்சி முறையில் பதிவானது: 525 கோடு, நொடிக்கு ஏறக்குறைய 30 சட்டகம். நம் நாட்டில் பால் முறை: 625 கோடு, 25 சட்டகம். பால் மட்டும் தெரிந்த விசிஆர் அந்தக் கேசட்டை இப்படித்தான் காட்டும். இரண்டு முறையும் தெரிந்த மல்ட்டி சிஸ்டம் விசிஆர் ஒன்று வேண்டும். வளைகுடா நாடுகளிலிருந்து திரும்பியவர்கள் வீட்டில் பெரும்பாலும் அதுதான் இருந்தது. தெரிந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். எஸ்.பி. ரோட்டில் பழைய சாமான் விற்கிற கடைகளிலும் தேடலாம்.

அதற்கு முன் ஒரு முக்கியமான விஷயம். கேசட்டின் மூடியைத் தூக்கி, வெளிச்சத்தில் நாடாவைப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் அது பூஞ்சை. நம் ஊர் மழைக்காலத்தைப் பல தடவை பார்த்த பரண் என்றால் அதற்கு வாய்ப்பு அதிகம். அப்படி இருந்தால் மெஷினில் போடவே போடாதீர்கள். மெஷினின் தலை கெடும், அடுத்து போடுகிற கேசட்டுக்கும் பூஞ்சை ஒட்டிக்கொள்ளும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பூஞ்சை இல்லையென்றால், ஒரு நாள் அறை வெப்பத்தில் வைத்துவிட்டு, முதல் ஓட்டத்திலேயே கணினியில் பதிவு செய்துவிடுங்கள். “முதலில் பார்ப்போம், அப்புறம் பதிவு செய்யலாம்” என்று நினைத்தால் இரண்டாவது ஓட்டத்தில் நாடா அறுந்தாலும் அறுந்துவிடும். பதிவு முடிந்ததும் புத்தகம் போல நிற்க வைத்து, ஈரம் இழுக்கிற சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பெட்டியில் வையுங்கள். ஃபிரிட்ஜில் வேண்டாம், டிவி ஸ்பீக்கர் பக்கத்திலும் வேண்டாம்.

போபா ஃபெட் இதில்தான் அறிமுகமா? (கல்லூரி மாணவி, பசவனகுடி)

பணத்துக்காக ஆட்களைப் பிடிக்கிற அந்த வேட்டைக்காரன் திரையில் வந்தது முதன்முறை இதில்தான், அதுவும் கார்ட்டூனாக. லம்பி பார்க்கிற குறும்படமாக அது வருகிறது. செய்தவர்கள் டொராண்டோவின் நெல்வானா நிறுவனத்தார். பின்னாளில் 1985-இல் வந்த இரண்டு ஸ்டார் வார்ஸ் கார்ட்டூன் தொடர்களும் அவர்கள் செய்தவைதான். பிரெஞ்சு ஓவியர் மோபியஸின் பாணியில் வேண்டும் என்று லூகாஸ் கேட்டிருந்தார். முகங்கள் இழுபட்டு வினோதமாகத் தெரிவதற்கு அதுதான் காரணம். மொத்த நிகழ்ச்சியில் திட்டியவர்களும் பாராட்டிய பகுதி இது. 2021 ஏப்ரலில் டிஸ்னி பிளஸ் இதை மட்டும் தனியாக வெளியிட்டது. ஃபெட் கையில் இருக்கும் கவட்டை போன்ற துப்பாக்கியைப் பாருங்கள். 2019-இல் வந்த மேண்டலோரியன் என்ற ஸ்டார் வார்ஸ் தொடரின் நாயகன் ஏந்துவது அதே வடிவம்தான். அந்தத் தொடரின் முதல் பகுதியில் ஒரு பாத்திரம் லைஃப் டேக்கு வீட்டுக்குப் போக வேண்டும் என்றும் சொல்லும்.

எனக்கு இது புரியவில்லை. மோசமானதைப் போட்டுச் சிரிப்பதற்குத்தானே எல்லோரும் பார்க்கிறார்கள்? கேரி ஃபிஷரே அப்படித்தானே சொன்னார்? (ஹலசூரு)

விருந்துக்கு வந்தவர்கள் கிளம்ப வேண்டும் என்றால் இதைப் போடுவேன் என்று அவர் சொன்னது உண்மை. அதற்காகவே லூகாஸிடம் ஒரு பிரதி கேட்டு வாங்கியதாகவும் சொன்னார். நடித்தவருக்கு அந்த உரிமை உண்டு.

ஆனால் சிரிப்பதற்கு மட்டும் பார்க்கிறவர்கள் இருபது நிமிடத்தில் நிறுத்திவிடுவார்கள். கடைசிவரை உட்கார்ந்தால்தான் பியா ஆர்தரின் காட்சி வரும். மதுக்கடை நடத்தும் பெண்ணாக அவர் வருகிறார். பேரரசு திடீரென்று ஊரடங்கு போடுகிறது, கடையை மூடியாக வேண்டும். வாடிக்கையாளர்கள் எழுந்திருக்க மறுக்கிறார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் கடைசிக் கோப்பை ஊற்றி, பாடிக்கொண்டே வாசல்வரை கொண்டுபோய் விடுகிறார். சுற்றிலும் ரப்பர் முகமூடிகள், நடுவில் ஒரு பெரிய நடிகை, கொஞ்சம்கூடக் கேலி இல்லாமல், முழு மனதோடு. அந்தக் காட்சி நல்ல காட்சி. மோசமான நிகழ்ச்சிக்குள் இருப்பதால் அதன் தரம் குறைந்துவிடாது. நான் இந்த நிகழ்ச்சிக்காக வாதாடுவது இதற்காகத்தான்.

நம் ஊர்ப் பண்டிகை நிகழ்ச்சிகளையும் இப்படிச் சேர்த்து வைக்க வேண்டுமா அக்கா? (ஹெப்பால்)

கட்டாயம். தீபாவளி காலைப் பட்டிமன்றம், “இந்தியத் தொலைக்காட்சிகளில் முதன்முறையாக” என்ற அறிவிப்பு, டிசம்பர் 31 ராத்திரி தூர்தர்ஷனில் வந்த புத்தாண்டு நிகழ்ச்சி, எது கிடைத்தாலும் வையுங்கள். நிலையங்கள் எல்லாவற்றையும் வைத்திருக்கும் என்று நம்பாதீர்கள். பிபிசி போன்ற நிறுவனமே 1960களில் எடுத்த டாக்டர் ஹூ தொடரின் பல பகுதிகளை அழித்துவிட்டது. அப்புறம் ரசிகர்கள் வீட்டில் பதிந்து வைத்த ஒலிநாடாக்களிலிருந்துதான் அவற்றின் குரலாவது மிஞ்சியது. கல்யாண வீடியோ தீர்ந்த பிறகு கேசட்டின் கடைசியில் டிவி நிகழ்ச்சி பதிந்திருப்பார்கள்; அந்தப் பகுதிவரை ஓட்டிப் பாருங்கள்.

நவம்பர் 17 அன்று எல்லோரும் சேர்ந்து பார்க்கலாமா? (நிறையப் பேர் கேட்டது)

பார்க்கலாம், எங்கள் வீட்டுக்கே வாருங்கள். விளம்பரம் இல்லாமல் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட வரும், விளம்பரத்தோடு இரண்டு மணி நேரம். நான் விளம்பரத்தோடுதான் போடுவேன். ஏழு மணிக்குத் தொடங்கினால் குழந்தைகள் தூங்குவதற்குள் கார்ட்டூன் வந்துவிடும். தாத்தா காட்சியைத் தாண்டுவது என் பொறுப்பு. சிவப்புத் துணி ஏதாவது போட்டுக்கொண்டு வாருங்கள், வூக்கிகளின் பண்டிகை உடை அதுதான். சாப்பாட்டுக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் நான் செய்துவிடுகிறேன். வடை யார் கொண்டுவருகிறீர்கள் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.