இருட்டுக் காட்சி ஏன் வெளுக்கிறது?

கேள்வி: கலை மையத்தில் ஆண்டுதோறும் திகில் பட விழா நடத்துகிறோம். இருட்டுக் காட்சிகள் சாம்பல் நிறமாகத் தெரிகின்றன, வசனமும் கேட்பதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: புரொஜெக்டரைக் குறை சொல்லுமுன் சுவர்களைப் பாருங்கள். திரையிலிருந்து சிதறும் ஒளி வெளிர்நிறச் சுவரில் பட்டு மீண்டும் திரைக்கே வருகிறது; கறுப்பு அதனால்தான் வெளுக்கிறது. திரையை ஒட்டிய பக்கச் சுவர்கள், கூரை, மேடைத் தரை மூன்றையும் பளபளப்பில்லாத, தீப்பிடிக்காத கறுப்புத் துணியால் மூடுங்கள். வெளியேறும் வழி விளக்குகளை மட்டும் மறைக்கவே கூடாது.

அலறலைக் கேட்டு ஒலியைக் குறைத்தால் கிசுகிசுப்பு தொலைந்துவிடும். மெல்லிய வசனக் காட்சியை ஓட்டி, கடைசி வரிசையில் அமர்ந்து அளவை வையுங்கள். கூட்டம் நிரம்பினால் ஒலி உறிஞ்சப்படும். சற்றே கூட்ட வேண்டியிருக்கும்.

நள்ளிரவுக் காட்சி உண்டா? படம் பூட்டிய டிசிபியாக (திரையரங்குக்கான டிஜிட்டல் படக் கோப்புத் தொகுப்பு) வந்தால், கேடிஎம் என்னும் மின்னணுச் சாவி அதைக் குறிப்பிட்ட சர்வரில் (படத்தை ஓட்டும் கணினியில்), குறிப்பிட்ட நேரத்துக்குள் மட்டுமே திறக்கும். காட்சி தாமதமானாலும் சாவி காலாவதியாகாதபடி, மறுநாள் மதியம்வரை நேரம் கேட்டு வாங்குங்கள்.