முதலில் மெலிந்து, பிறகு தசையா?

கேள்வி: எனக்கு வயது 34, எடை 84 கிலோ. முதல் 3 மாதம் ட்ரெட்மில்லில் மட்டும் ஓடி எடையைக் குறைக்க வேண்டும், அதற்கு முன் பளு தூக்கினால் கொழுப்பின் மேலேயே தசை ஏறி உடம்பு பெருத்துவிடும் என்கிறார் ஜிம் பயிற்சியாளர். இரவுச் சாப்பாட்டையும் நிறுத்திவிட்டேன். சரிதானா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: சரியில்லை. பட்டினியும் ஓட்டமும் சேர்ந்தால் எடை குறையும் என்பதில் ஐயமில்லை. குறைவது எது என்பதைத்தான் உங்கள் பயிற்சியாளர் யோசிக்கவில்லை. உணவு போதாதபோது உடல் கொழுப்பை மட்டும் செலவிடுவதில்லை. வேலை கொடுக்கப்படாத தசையையும், புரதம் குறைவாக இருந்தால் இன்னும் தாராளமாகவே, கரைத்துக்கொள்கிறது. மூன்று மாதம் கழித்துப் பளுவைத் தொடும்போது, இழந்ததை மீட்பதற்கே நீங்கள் உழைக்க வேண்டியிருக்கும்.

கொழுப்பும் தசையும் வெவ்வேறு திசுக்கள். ஒன்று கரைந்து முடியும்வரை மற்றொன்று காத்திருக்க வேண்டியதில்லை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், அதிக எடையுள்ள 40 இளைஞர்களுக்கு, தேவைப்படும் ஆற்றலில் 40 விழுக்காட்டைக் குறைத்து உணவளித்து, வாரம் 6 நாள் கடும் பயிற்சி கொடுத்தார்கள். நான்கே வாரத்தில், உடல் எடையில் கிலோவுக்கு 2.4 கிராம் வீதம் புரதம் உண்டவர்கள் சராசரியாக 4.8 கிலோ கொழுப்பை இழந்து, கொழுப்பல்லாத எடையில், அதாவது தசை முதலியவற்றில், 1.2 கிலோ கூடினார்கள். அதில் பாதியளவே புரதம் உண்டவர்கள் 3.5 கிலோ கொழுப்பை இழந்தாலும், தசை ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நின்றது. வலிமையோ இரு சாராருக்கும் கூடியது. அளந்து கொடுத்த உணவு, கண்காணிப்பில் நடந்த பயிற்சி. வேலைக்குப் போய்வரும் நீங்கள் அந்த வேகத்தை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் புதிதாகத் தொடங்குபவருக்கு, அதுவும் கரைக்கக் கொழுப்பு இருப்பவருக்கு, கொழுப்பைக் கரைத்துக்கொண்டே தசையைக் கூட்டுவது கைகூடக்கூடியதே. ஏற்கெனவே ஒல்லியாகவும் பல ஆண்டுப் பயிற்சியோடும் இருப்பவர்தான் இதற்குத் திணறுவார்.

ஆகவே இரவுச் சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். அதில் சோற்றைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டுங்கள். பளுப் பயிற்சி செய்பவருக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் என்று வைத்தால் உங்களுக்கு நாளொன்றுக்கு 130 கிராமுக்குச் சற்று மேல் வரும். நான்கு இட்லியும் சாம்பாரும் அதில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடுவது கடினம். மூன்று முட்டையில் 18 கிராம், 50 கிராம் மீல்மேக்கரில் ஏறத்தாழ 25, தோல் நீக்கிய கோழிக்கறி 150 கிராமில் முப்பதுக்கு மேல். மீதியைச் சுண்டல், பருப்பு, பால், தயிர் என்று நிரப்பலாம். (ஜிம் வரவேற்பறையில் அடுக்கியிருக்கும் பவுடர் டப்பாக்கள் பெரும்பாலும் உங்கள் பர்ஸைத்தான் மெலிய வைக்கும்.) சிறுநீரகக் கோளாறு உள்ளவர் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது.

வாரம் 3 நாள் ஸ்குவாட் (பளுவோடு உட்கார்ந்து எழுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து பளுவைத் தூக்குவது), பெஞ்ச் பிரஸ் (மல்லாந்து படுத்துப் பளுவை மேலே தள்ளுவது) போன்றவற்றைச் செய்து, பத்து முறை பிசகில்லாமல் தூக்க முடிந்ததும் பளுவைச் சிறிது ஏற்றுங்கள். ட்ரெட்மில்லைக் கைவிட வேண்டியதில்லை, அதை இரண்டாமிடத்தில் வையுங்கள். கொழுப்பு குறையும்போதே தசை கூடுவதால் எடை பார்க்கும் இயந்திரம் சில வாரம் அசையாமல் நிற்கக்கூடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து இடுப்பை அளந்து பாருங்கள்.

உடம்பு பெருத்துவிடும் என்ற அச்சத்தைப் பொறுத்தவரை, புதிதாகத் தொடங்கும் ஓர் ஆண் மாதத்துக்கு ஒரு கிலோ தசை சேர்த்தாலே பெரிய காரியம்.