அடுப்படித் தக்காளியும் லொறித் தக்காளியும்

கேள்வி: ஐயா, வெலிமடைப் பக்கம் கால் ஏக்கரில் ஹைபிரிட் தக்காளி போட்டிருக்கிறேன். காய் கல்லு மாதிரி, லொறிக்காரர் விரும்பி எடுக்கிறார். வீட்டில்தான் யாரும் தொடுவதில்லை. அடுப்படிக்குப் பின்னால் தானாக முளைத்த நாலு செடிப் பழத்தில்தான் எங்களுக்குச் சம்பலும் குழம்பும். உரக்கடையில் சொன்னேன், ருசி கூட்டும் என்று ஒரு போத்தல் தந்தார்கள். எந்தப் பருவத்தில் அடிக்க வேண்டும்?

பதில்: அடிக்க வேண்டாம் தம்பி. அதில் நைதரசன் எத்தனை வீதம், பொட்டாசியம் எத்தனை வீதம் என்று விற்றவரிடமே கேட்டுப் பாருங்கள், லேபலைத் திருப்பாமல் சொல்ல மாட்டார்.

விதையிலும் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. அடுப்படிச் செடியின் காய் காம்பைச் சுற்றிக் கரும்பச்சையாக இருக்கிறதா, பாருங்கள். ஹைபிரிட் காய் பெரும்பாலும் ஒரே சீரான வெளிர்பச்சை. சந்தைக்குச் சீராகச் சிவக்க வேண்டும் என்று பல பத்தாண்டுகள் தேர்ந்தெடுத்ததில், காயில் பச்சையத்தைக் கூட்டும் மரபணு பழுதான செடிகளே மிஞ்சின. அதோடு சீனியும் கொஞ்சம் போயிற்று. அந்த மரபணு எது என்று 2012இல்தான் கண்டார்கள்.

நீங்கள் எழுதாமல் விட்டது யூரியாவைப் பற்றி. காய் பிடித்த பிறகும் போடுகிறீர்கள் என்றே நினைக்கிறேன். கடைக்காரருக்கு மூட்டை போனால் சரி, செடியும் பச்சைப் பசேலென்று நிற்கும். ஆனால் இலைக்கும் கிளைக்கும் ஓடுகிற செடியில் பழம் பின்தங்கும். காய் பருக்கும்போது தண்ணீரையும் அளவில்லாமல் விட்டால் எடை கூடும், சீனியும் புளிப்பும் கரைந்துபோகும். லொறிக்காரர் எடைக்குத்தானே காசு தருகிறார்! அடுப்படிச் செடிக்கு யார் யூரியா போட்டது? விறகுச் சாம்பல் விழுந்திருக்கும், அதில் பொட்டாசியமும் சுண்ணாம்பும் உண்டு. வயலில் காய் பிடித்ததும் யூரியாவை நிறுத்தி, எம்ஓபி என்கிற பொட்டாசியம் உரத்தை மட்டும் சிபாரிசு அளவில் போடுங்கள். தண்ணீரைக் குறையுங்கள், ஆனால் காயப்போட்டுத் திடீரென்று பாய்ச்சாதீர்கள். பழம் வெடிக்கும், அடி கறுக்கும்.

அடுத்தது பறிப்பு. முழுப் பச்சையில் பறித்த காய் பிறகு சிவக்கும், ருசி வராது. அடியில் இளஞ்சிவப்புத் தட்டியதும் பறித்தால் பெரிய நட்டமில்லை, மழைக்கு வெடிக்கும் பயமும் குறைவு. சுப்பர்மார்க்கெட் பழத்தைக் கெடுப்பது பிறகு வரும் குளிர். 12 பாகைக்குக் கீழே மணம் உண்டாவது தடைப்படும். 5 பாகையில் ஒரு கிழமை இருந்த பழத்தை வெளியே எடுத்து வைத்தாலும் பழைய மணம் முழுதாகத் திரும்பாது என்று 2016 ஆய்வொன்று காட்டியது. வீட்டிலும் பிரிட்ஜில் வைக்காதீர்கள்.

கெப்பெட்டிபொல சந்தைக்குப் போகும் காய்க்கு இந்த ருசிக்காக ஒருவரும் சதம் கூடத் தர மாட்டார்கள். அதனால் கால் ஏக்கரையும் மாற்றச் சொல்லவில்லை. ஓரத்தில் இரண்டு வரிசை அடுப்படி விதையில் போட்டு, பழுக்க விட்டு, பக்கத்து ஊர்க் கடைக்குக் கிலோக் கணக்கில் கொடுத்துப் பாருங்கள். விதையை நல்ல பழத்திலிருந்து சாறோடு இரண்டு நாள் புளிக்கவிட்டு, கழுவி, நிழலில் உலர்த்தி எடுங்கள். ஹைபிரிட் பழத்தில் விதை எடுக்காதீர்கள், தாயைப் போல வராது.