தீவுத் தகராறில் மூன்றாவது நாட்டுக்குச் சட்டப்படி பொறுப்பு உண்டா?

இரண்டு நாடுகள் ஒரு தீவுக்கு உரிமை கோரும்போது மூன்றாவது நாட்டுக்கு என்ன கடமை என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் ஒன்றுமில்லை. மதுரைப் பக்கம் தீவு என்றாலே கச்சத்தீவுதான் பேச்சு. அதில் 1974இல் ஒப்பந்தம் போட்டது இந்தியாவும் இலங்கையும் மட்டும். ஆனால் தானே கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருந்தால் விஷயம் வேறு. ஜப்பானும் சீனாவும் உரிமை கோரும் சென்காகு தீவுகள் யாருக்குச் சொந்தம் என்று அமெரிக்கா சொல்வதில்லை. இருந்தாலும் ஜப்பான் நிர்வாகத்தில் இருப்பதால், ஜப்பானுடன் போட்ட 1960 பாதுகாப்பு ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவு, அதாவது தாக்குதல் வந்தால் சேர்ந்து எதிர்கொள்வது, அவற்றுக்கும் பொருந்தும் என்கிறது.

இன்னொரு வகைக் கடமையை எனக்குப் புரியவைத்தது ஒரு தபால் தலை. மதுரை ஆர்.எம்.எஸ்.ஸில் (ரயில் அஞ்சல் சேவை) முப்பது வருஷம் தபால் பிரித்தவன் நான். என் ஆல்பத்தில் ஒரு செஷல்ஸ் தலை இருக்கிறது: ராணியின் முகம், அதன்மேல் ‘பி.ஐ.ஓ.டி.’ என்று அச்சு. பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசம் என்பதன் சுருக்கம். 1965இல் மொரிஷியஸிலிருந்து சாகோஸ் தீவுகளையும், செஷல்ஸிலிருந்து சில தீவுகளையும் பிய்த்து பிரிட்டன் உண்டாக்கியது. 1968இல் அது வெளியிட்ட முதல் தலைகளே செஷல்ஸிடம் இரவல் வாங்கியவை! சாகோஸ் மக்களை வெளியேற்றிவிட்டு, அங்குள்ள பெரிய தீவான டியாகோ கார்சியாவில் அமெரிக்க ராணுவத் தளம் வந்தது. அந்த மக்களை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

2019 பிப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம், சாகோஸைப் பிரித்ததால் மொரிஷியஸின் விடுதலை சட்டப்படி நிறைவடையவில்லை, அதை முழுமையாக்க எல்லா ஐ.நா. உறுப்பு நாடுகளும் ஒத்துழைக்க வேண்டும் என்றது. அது ஆலோசனைக் கருத்துதான், நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் சுயநிர்ணய உரிமையை, அதாவது ஒரு மக்கள் தங்கள் எதிர்காலத்தைத் தாங்களே தீர்மானிக்கும் உரிமையை, மதிப்பது எல்லா நாடுகளுக்கும் உள்ள கடமை.

சாகோஸுக்கு வடக்கே உள்ள மாலத்தீவு இதை நேரில் பார்த்தது. பிரிட்டனின் உரிமைகோரல் இருக்கும்போது மொரிஷியஸுடன் கடல் எல்லை பேச முடியாது என்று வாதாடியது. கடல்சட்டத் தீர்ப்பாயத்தின் சிறப்பு அமர்வு 2021 ஜனவரியில் அதை ஏற்கவில்லை. 2023இல் எல்லையையும் வகுத்தது.

2021 ஆகஸ்டில், நாடுகளுக்கிடையே தபால் விதிகளை வகுக்கும் உலக அஞ்சல் ஒன்றியமும் பி.ஐ.ஓ.டி. தலைகளைப் பதிவு செய்வதில்லை, விநியோகிப்பதில்லை என்று முடிவெடுத்தது. “வெறும் ஒட்டுத்தாள்தானே மாமா?” என்றான் மருமகன். சரி, ஆனால் தலை செல்லும் என்று கடிதத்தை அனுப்பினால், அதை அச்சடித்த அரசையும் ஏற்றதுபோல் தோன்றக்கூடும்.